வெளியே வரும் வழியைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்

கேள்வி: மாமியார் உட்பட எங்கள் வீட்டில் நான்கு பேர். எல்லோரிடமும் இருப்பது ஆண்ட்ராய்டு போன்தான். மகள் இந்த ஆண்டு கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். ஐபோன்தான் வேண்டும் என்கிறாள். ஆண்ட்ராய்டு இரண்டே வருடத்தில் மந்தமாகிவிடும், ஐபோன் ஆறேழு வருடம் ஓடும், கணக்குப் பார்த்தால் அதுதான் மலிவு என்பது அவள் வாதம். என் தம்பியோ, “அது ஒரு கோட்டை, அக்கா. உள்ளே போய்விட்டால் கைக்கடிகாரம், இயர்போன், சேமிப்பிடம் என்று கப்பம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் வீட்டில் எல்லோரும் மாற வேண்டி வரும்” என்கிறான். சீட்டு எடுத்த பணம் 70,000 ரூபாய் கையில் இருக்கிறது. இதற்கிடையில் என் போனில் இடம் நிரம்பிவிட்டது, பணம் கட்டுங்கள் என்று தினமும் அறிவிப்பு வருகிறது. போன வருடம் காலமான மாமனார் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகள் அதில்தான் இருக்கின்றன. போன் மாற்றினால் அவை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. மூடிய அமைப்பா, திறந்த அமைப்பா, எது எங்களுக்குச் செலவு குறைவு?
— ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் சொல்வதிலும் தம்பி சொல்வதிலும் பாதிப் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் இருவருமே போன் நன்றாக ஓடுகிற நாட்களை வைத்துத்தான் பேசுகிறார்கள். சென்னை ரிச்சி தெருவை ஒட்டி இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கைபேசியும் கணினியும் பழுதுபார்த்து வருகிறேன். என் மேசைக்கு வருகிறவர்கள் வேறு நாட்களில் வருகிறார்கள். திரை உடைந்த நாள், வேறு போனுக்கு மாற முடிவெடுத்த நாள், வீட்டில் ஒருவர் இறந்து அவருடைய போனைத் திறக்க வேண்டி வந்த நாள். ஐபோன் போல எல்லாவற்றையும் ஒரே நிறுவனம் கையில் வைத்திருக்கும் மூடிய அமைப்போ, ஆண்ட்ராய்டு போலப் பல நிறுவனங்கள் எடுத்துப் பயன்படுத்தும் திறந்த அமைப்போ, அதன் உண்மையான விலை அன்றைக்குத்தான் தெரியவரும்.

2011க்கு முன்பு நாம் எல்லோரும் அனுபவித்த ஒன்றை நினைவுபடுத்துகிறேன். அப்போது செல்போன் நிறுவனத்தை மாற்றினால் எண்ணும் போய்விடும். கடைப் பலகையில் எழுதிய எண், ரேஷன் அட்டைக்கும் வங்கிக்கும் கொடுத்த எண், உறவுக்காரர்களுக்கு மனப்பாடமான எண். அதை விட மனமில்லாமல், பக்கத்து நிறுவனம் குறைந்த கட்டணம் அறிவித்தாலும் பழைய நிறுவனத்துக்கே கூடுதலாகக் கட்டிக்கொண்டிருந்தோம். 2011 ஜனவரி 20 அன்று எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி நாடெங்கும் வந்தது. அதற்கான கட்டணம் அதிகபட்சம் 19 ரூபாய். அந்த 19 ரூபாய்க் கதவு வரும்வரை நாம் எண்ணுக்காகப் பிணை கிடந்தோம். கைபேசி அமைப்புகளையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே எடைபோடுகிறேன்: இதிலிருந்து நாளைக்கு வெளியே வர வேண்டுமென்றால் எனக்கு என்ன செலவாகும், எதை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும்?

முதலில் மகளின் பக்கம். 2018இல் வெளிவந்த ஐபோன் எக்ஸ்ஆர், 2024இல் வெளியான ஐஓஎஸ் 18 (ஐபோனின் இயங்குதளம்) வரை புதிய மென்பொருளைப் பெற்றது. சிப்பையும் மென்பொருளையும் ஒரே நிறுவனம் வடிவமைப்பதால் இது கைகூடுகிறது. மூடிய அமைப்பின் நிஜமான நன்மை இதுதான், அதை மறுப்பது நேர்மையாகாது. ஆண்ட்ராய்டில் கூகுள் ஒன்றை எழுதும், சிப் நிறுவனம் அதைத் தன் சிப்புக்கேற்ப மாற்றும், போன் நிறுவனம் தன் அலங்காரத்தைச் சேர்க்கும். இத்தனை கைமாறி வருவதற்குள் பழைய போன்களை மறந்துவிடுவார்கள். மலிவு விலைப் போன்களில் இன்றும் இந்தக் குறை இருக்கிறது. ஆனால் உங்கள் மகள் சொல்லும் “இரண்டு வருடம்” என்பது எல்லா ஆண்ட்ராய்டுக்கும் பொருந்திய காலம் போய்விட்டது. 2023 அக்டோபரில் கூகுள் தன் பிக்சல் 8க்கு ஏழு ஆண்டுப் புதுப்பிப்பு தருவதாக வாக்களித்தது. 2024 ஜனவரியில் சாம்சங் தன் கேலக்ஸி எஸ்24க்கும் அதையே சொன்னது. 2025இல் வந்த கேலக்ஸி ஏ36, ஏ56 போன்ற நடுத்தர விலைப் போன்களுக்கும் ஆறு ஆண்டு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே கடைக்காரரிடம் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன், பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை என்று கேளுங்கள்.

தம்பி சொல்லும் கோட்டையும் கற்பனையல்ல. ஆப்பிள் கைக்கடிகாரம் ஐபோன் இல்லாமல் இயங்காது. நாளைக்கு மகள் ஆண்ட்ராய்டுக்குத் திரும்பினால் கடிகாரம் மேசை இழுப்பறைக்குப் போக வேண்டியதுதான். ஆனால் திறந்த பக்கம் என்று நாம் நினைக்கும் இடத்திலும் இதே சுவர் எழும்பியிருக்கிறது: 2021 ஆகஸ்டு முதல் வந்த சாம்சங் கேலக்ஸி கடிகாரங்கள் ஐபோனோடு சேராது. வீடே மாற வேண்டி வரும் என்கிற அச்சம் மட்டும் நம் ஊருக்கு அவ்வளவாகப் பொருந்தாது. அமெரிக்காவில் இளம்பிள்ளைகள் ஆப்பிளின் சொந்தக் குறுஞ்செய்தி வசதியில் பேசிக்கொள்வார்கள். அதில் ஆண்ட்ராய்டுக்காரருக்கு அனுப்பும் செய்தி மட்டும் பச்சை நிறத்தில் தனித்துத் தெரியும், அதற்காகவே ஐபோன் வாங்குவார்கள். நம் வீடுகளில் எல்லோரும் வாட்ஸ்அப்பில் இருப்பதால் அந்தக் கயிறு நம்மைக் கட்டவில்லை.

பணம் அனுப்புவதிலும் அப்படித்தான். 2016இல் யுபிஐ வருவதற்கு முன் ஒரு மின்பணப்பையில் போட்ட காசை இன்னொரு நிறுவனத்தின் பணப்பைக்கு அனுப்ப முடியாது. இன்று நீங்கள் ஒரு செயலியிலும் காய்கறிக்காரர் வேறொரு செயலியிலும் இருந்தாலும் பணம் போய்ச் சேருகிறது. இரண்டு போனிலும் ஒரே மாதிரி வேலை செய்கிறது. திறந்த பொது வழி ஒன்றை நாடு போட்டுவிட்டால் சாதாரண மனிதருக்கு எவ்வளவு நிம்மதி என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த எடுத்துக்காட்டு அது.

திறந்த அமைப்புக்கும் ஒரு விலை உண்டு. அதை நினைத்தால் உங்கள் மாமியாரைப் பற்றித்தான் எனக்குக் கவலை வருகிறது. கல்யாணப் பத்திரிகை, மின்கட்டண நிலுவை, வங்கிப் பரிசு என்று பெயர் வைத்து வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்புகள், அதாவது தொட்டால் செயலியை நிறுவும் கோப்புகள், வருகின்றன. தொட்டுத் திறந்து, கேட்ட அனுமதிகளையெல்லாம் கொடுத்துவிட்டால் போனுக்கு வரும் ஓடிபி எல்லாம் திருடனுக்குப் போகும். எந்தக் கோப்பிலிருந்தும் செயலியை நிறுவலாம் என்பது எனக்கு ஒரு சுதந்திரம். எழுபது வயதுப் பெரியவருக்கு அது திறந்து கிடக்கும் கொல்லைக் கதவு. ஐபோனில் நம் நாட்டில் இந்த வழியே கிடையாது. மாமியாரின் போனில் அமைப்புகளுக்குள் போய், வாட்ஸ்அப்புக்கும் பிரவுசருக்கும் “தெரியாத செயலிகளை நிறுவும்” அனுமதி இருந்தால் இன்றே நீக்கிவிடுங்கள். எப்போதாவது பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

அதோடு “திறந்த” என்ற சொல்லை முழுதாக நம்ப வேண்டாம். ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரல் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடியதுதான். ஆனால் பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் போன் நிறுவனம் கூகுளோடு ஒப்பந்தம் போட வேண்டும். அந்த ஒப்பந்தங்கள் கூகுளின் செயலிகளை மூட்டையாகத் திணிக்கின்றன என்று கண்டறிந்துதான் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உச்ச நீதிமன்றம் தடை விதிக்க மறுத்த பிறகு, 2023 ஜனவரியில் கூகுள் இந்தியாவில் சில கட்டுகளைத் தளர்த்தியது. 2025 ஆகஸ்டில் கூகுளிடமிருந்து இன்னொரு அறிவிப்பு வந்தது: தன்னிடம் அடையாளத்தைப் பதிவுசெய்த உருவாக்குநர்களின் செயலிகளை மட்டுமே சான்று பெற்ற ஆண்ட்ராய்டு கருவிகளில் நிறுவ விடப்போவதாகச் சொன்னார்கள். எதிர்ப்பு எழுந்ததும், விவரம் தெரிந்தவர்களுக்குத் தனி வழி விடுவதாகச் சொன்னார்கள். திறப்பதும் மூடுவதும் நம் கையில் இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

கப்பம் என்று உங்கள் தம்பி சொன்னாரே, அதில் கண்ணுக்குத் தெரியாத பகுதி ஒன்று இருக்கிறது. செயலிக்குள் நாம் கட்டும் சந்தாவில் ஆப்பிளும் கூகுளும் தரகு எடுக்கின்றன. ஆப்பிள் பெரிய நிறுவனங்களிடம் 30 சதவீதம் வரை, சிறியவர்களிடம் 15 சதவீதம் எடுப்பது பல ஆண்டுகளாக நடைமுறையாக இருந்தது. அதை யார் தலையில் கட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டுமா? 2023இல் அமெரிக்காவில் யூடியூப் பிரீமியம் சந்தாவை இணையதளத்தில் எடுத்தால் மாதம் 13.99 டாலர், ஐபோன் செயலிக்குள் எடுத்தால் 18.99 டாலர். அதே காணொளி, அதே மனிதர், ஐந்து டாலர் வித்தியாசம். எந்தப் போன் வாங்கினாலும் சந்தாக்களை அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் பிரவுசர் வழியாகக் கட்டுங்கள். பல இடங்களில் மிச்சமாகும்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நீளமாகப் பேசுவதற்கு மன்னிக்க வேண்டும். இதைத்தான் நான் தினமும் கையில் தொட்டுப் பார்க்கிறேன்.

ஒரே மாடல் போன் இரண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் திரை உடைந்திருக்கிறது, மற்றொன்றில் போர்டு, அதாவது உள்ளே இருக்கும் முதன்மைச் சுற்றுப் பலகை, செத்துவிட்டது. நல்ல திரையைக் கழற்றி நல்ல போர்டில் பொருத்தினால் ஒரு முழு போன் கிடைக்க வேண்டும். என் ஆசான் எனக்குச் சொல்லித்தந்த தொழில் அதுதான். இப்போது அது பல போன்களில் பலிப்பதில்லை. திரை, பேட்டரி, கேமரா ஒவ்வொன்றிலும் ஒரு வரிசை எண் இருக்கிறது. அதை போர்டோடு மென்பொருளால் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். முடிச்சு மாறினால் பாகம் அசலாகவே இருந்தாலும் எச்சரிக்கை வரலாம், சில வசதிகள் நின்றுபோகலாம். 2021இல் ஐபோன் 13 வந்தபோது, வெளிக்கடையில் திரையை மாற்றினால் முகம் பார்த்துத் திறக்கும் வசதி நின்றுபோனது. உலகெங்கும் பழுதுபார்ப்பவர்கள் குரல் எழுப்பிய பிறகே ஆப்பிள் அதை மென்பொருளில் சரிசெய்வதாகச் சொன்னது. திருட்டுப் போன்களின் பாகங்கள் சந்தைக்கு வராமல் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்பது அவர்கள் தரப்பு. அதில் நியாயம் இருக்கிறது. திருட்டுப் போனோடு என் கடைக்கும் ஆள் வந்ததுண்டு. ஆனால் திருடனுக்குப் போட்ட பூட்டு, சொந்தப் போனைச் சரிசெய்ய வந்தவரையும் தடுத்தால் அவருடைய செலவுதான் ஏறுகிறது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024 மார்ச்சில் இந்த முடிச்சுக்கே தடை போட்டுச் சட்டம் இயற்றியது. ஆப்பிள் அதை எதிர்த்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை முடிந்த பிறகும் ஏழு ஆண்டு உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும், ஐந்து ஆண்டு புதுப்பிப்பு வர வேண்டும் என்று விதித்திருக்கிறது. ஐபோனுக்குத் தனி சார்ஜர் வயர் வாங்கும் தலைவலி தீர்ந்ததும் அங்கு போட்ட சட்டத்தால்தான். 2012 முதல் தன் சொந்தச் செருகியைப் பிடித்துக்கொண்டிருந்த ஆப்பிள், ஐரோப்பா எல்லாப் போனுக்கும் யுஎஸ்பி-சி கட்டாயம் என்று சட்டம் செய்த மறு ஆண்டு, 2023இல், ஐபோன் 15இல் அதற்கு மாறியது. அந்த நன்மை திருநெல்வேலிக்கும் வந்து சேர்ந்தது. நம் நாட்டில் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளம் தொடங்கினார்கள். சட்டமாக அது இன்னும் கையில் வந்து சேரவில்லை.

இதில் என் மனத்தை மிகவும் உறுத்துவது ஒன்று. 2019இல் ஐபோன் எக்ஸ்ஆர் ஸ்ரீபெரும்புதூரில் பொருத்தப்பட்டது. இன்று ஓசூரிலும் ஐபோன் தயாராகிறது. நம் ஊர்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அந்தப் போனைத் தங்கள் கையால் பொருத்தி அனுப்புகிறார்கள். அதே போன் விழுந்து உடைந்தால், நிறுவனத்தின் திட்டத்தில் சேராத தெருமுனைக் கடைக்காரரால் ஓர் அசல் திரையை வாங்கிப் போட முடிவதில்லை. பொருத்தத் தெரிந்த ஊருக்குக் கழற்ற உரிமை இல்லை.

(போனில் மட்டும் இப்படி என்று நினைக்காதீர்கள். என் கடைக்கு வாங்கிய ஒரு பிரிண்டர் மூன்று ஆண்டுகள் வேறு நிறுவன மையில் நன்றாக ஓடியது. ஒரு மென்பொருள் புதுப்பிப்புக்கு மறுநாள் அந்த மைப்பெட்டியை ஏற்க மாட்டேன் என்றது. நான் காசு கொடுத்து வாங்கிய பொருளின் குணத்தை என்னைக் கேட்காமல் மாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து மைப்பெட்டி இல்லாமல் நாமே மை ஊற்றும் டேங்க் வகையைத்தான் எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன்.)

ஆகவே உங்கள் 70,000 ரூபாய்க்குக் கணக்குப் போடுவோம். அந்தப் பணத்துக்கு ஐபோன் வாங்கி ஆறு ஆண்டு ஓட்டினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 11,700 ரூபாய். ஆப்பிள் இலவசமாகத் தரும் 5 ஜிபி இணையச் சேமிப்பிடம் கல்லூரிப் பிள்ளைக்குப் போதாது. மாதம் 75 ரூபாய் சேமிப்பிடம் என்றால் ஆண்டுக்கு 900 கூடும். பெட்டியில் சார்ஜர் வராது. நடுவில் ஒருமுறை பேட்டரி மாற்ற வேண்டும். ஒருமுறை திரை உடைந்தால் கணக்கே மாறிவிடும். 35,000 ரூபாய்க்கு ஆறு ஆண்டுப் புதுப்பிப்பு வாக்களித்த ஆண்ட்ராய்டை வாங்கி நான்கு ஆண்டு, அதாவது படிப்பு முடியும்வரை, ஓட்டினாலும் ஆண்டுக்கு 8,750தான். ஐபோனைப் பழையதாக விற்கும்போது கூடுதல் விலை கிடைக்கும், உண்மை. ஆனால் உடையாமல் இருந்தால்தான் அந்த விலை. விடுதியில் இருக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளையின் போன் உடையாது என்று என் அனுபவத்தில் சொல்ல மாட்டேன்.

என் ஆலோசனை: ஆண்ட்ராய்டே வாங்குங்கள், பாதி விலையில். மீதிப் பணத்தில் நல்ல உறையும் ஒரு வெளிப்புற ஹார்டு டிஸ்கும் வாங்கிக்கொண்டு மற்றதைச் சீட்டிலேயே போட்டுவையுங்கள். மகள் ஐபோனுக்கான செயலிகள் எழுதும் படிப்பில் சேர்ந்திருந்தால் அது வேறு. அதற்கு மேக் கணினியும் வேண்டியிருக்கும், தனியாக எழுதுங்கள். இதையெல்லாம் படித்த பிறகும் ஐபோன்தான் என்று அவள் நின்றால், வாங்கிக் கொடுங்கள், அது பாவமில்லை. ஒரு நிபந்தனை மட்டும் வையுங்கள்: போனோடு நிற்க வேண்டும். கடிகாரம் வேண்டாம். குறிப்புகளும் பாடக் கோப்புகளும் எந்தப் போனிலும் திறக்கும் இடத்தில் இருக்கட்டும். படங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிஸ்கில் நகலெடுக்கட்டும். ஆப்பிளின் இணையச் சேமிப்பிடமான ஐகிளவுடிலிருந்து கூகுள் போட்டோஸுக்கும், 2024 முதல் அங்கிருந்து இங்கும், படங்களை நேராக மாற்றிக்கொள்ள இரு நிறுவனங்களும் வழி வைத்திருக்கின்றன. அந்தக் கதவு இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

கடைசியாக, உங்கள் போனில் வரும் அந்த அறிவிப்பு. கூகுள் கணக்கில் இலவச இடம் 15 ஜிபி. 2021 ஜூன் 1க்கு முன் அளவு சுருக்கி ஏற்றிய படங்கள் அதில் கணக்கில் வரவில்லை, அன்றிலிருந்து புதிதாக ஏற்றும் படங்கள் கணக்கில் வந்தன. 2024இல் வாட்ஸ்அப் பேக்கப்பும் அதற்குள் சேர்ந்தது. இலவசம் என்று எல்லோரையும் உள்ளே கூட்டிவந்த பிறகு வாடகை கேட்டார்கள். பணம் கட்ட அவசரப்பட வேண்டாம். பயந்துபோய் எதையும் அழிக்கவும் வேண்டாம்.

மாமனாரின் குரல் பதிவுகள் இரண்டு இடங்களில் இருக்கலாம். ஒன்று, வாட்ஸ்அப் எடுக்கும் பேக்கப். அதை வாட்ஸ்அப்பைத் தவிர வேறு எதிலும் திறக்க முடியாது. ஆண்ட்ராய்டில் எடுத்த பேக்கப் கூகுள் கணக்குக்கும் ஐபோனில் எடுத்தது ஐகிளவுடுக்கும் போகும். ஒன்றை மற்றொன்று படிக்காது. இரண்டு, உங்கள் போனுக்குள்ளேயே இருக்கும் அசல் கோப்புகள். போனை வயர் மூலம் கணினியோடு இணைத்து, ஆண்ட்ராய்டு, மீடியா, காம் டாட் வாட்ஸ்அப், வாட்ஸ்அப், மீடியா என்று வரிசையாகக் கோப்புறைகளைத் திறந்துகொண்டே போனால் “வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்” என்று ஒன்று இருக்கும். வார வாரியாகப் பிரித்து வைத்திருக்கும். அந்தக் கோப்புறை முழுவதையும் அப்படியே டிஸ்கில் நகலெடுங்கள். இன்னொரு நகல் உங்கள் கணவரின் கணினியிலோ தம்பி வீட்டிலோ இருக்கட்டும். அந்தக் கோப்புகள் ஓபஸ் என்ற வகையைச் சேர்ந்தவை. எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத பொதுத் தரம் அது. விஎல்சி போன்ற இலவச மென்பொருளில் இன்றே திறந்து கேட்கலாம். பத்து வருடம் கழித்து எந்தப் போன் உங்கள் கையில் இருந்தாலும் அவர் குரல் கேட்கும்.

நகலெடுத்த பிறகு ஒன்றிரண்டைக் கணினியில் ஓட்டிக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். கோப்பு எந்தத் தேதியுடையது என்பது அதன் பெயரிலேயே இருக்கும். அருகில் ஒரு தாளில் யாருக்கு, எதற்காகப் பேசியது என்று உங்கள் மாமியாரைக் கேட்டு எழுதி வையுங்கள். அந்த வேலையை இந்த ஞாயிற்றுக்கிழமை முடித்துவிட்டு, புதிய போன் வாங்க அடுத்த வாரம் கடைக்குப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரன்